சென்னையில பேட்டரி வண்டி முதல்ல பெரிய அளவுல வந்தது குப்பை அள்ளத்தான்

சென்னைக்கு எலக்ட்ரிக் வண்டி எப்ப வந்துச்சுன்னு கேட்டா முக்கால்வாசி பேரு 2025 ஜூன் 30-னு சொல்லுவாங்க. அன்னைக்குத்தான் வியாசர்பாடி டெப்போல அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலின் 120 மின்சார பஸ்ஸை கொடியசைச்சு அனுப்பி வெச்சாரு, டிவி, பேப்பர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்னு எல்லாத்துலயும் அந்த பஸ்தான். எனக்கும் ரொம்ப சந்தோஷம், வடசென்னையில ஒரு நல்ல விஷயம் முதல்ல ஆரம்பிக்கிறது அடிக்கடி நடக்கிறதில்லயே. ஆனா இந்த ஊர்ல பொது வேலைக்கு ஓடுற வண்டியில பேட்டரி பெரிய எண்ணிக்கையில வந்தது அதுக்கு சில வருஷம் முன்னாடியே, விடிஞ்சும் விடியாம, பச்சை டப்பா நீல டப்பா வெச்சுக்கிட்டு, ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கிட்டு, குப்பை வாங்க வந்துச்சு. அதை யாரும் கொண்டாடல. நம்ம தெருவுல தினமும் நடக்கிறதாலயோ என்னவோ அது கண்ணுல படவே இல்ல.

எனக்கு அது பட்டுச்சு, ஏன்னா அதுக்கு முன்னாடி இருந்த வண்டியை நான் நல்லா பாத்திருக்கேன். மிதிக்கிற மூணு சக்கர வண்டி, இரும்பு ஃப்ரேம், முன்னாடியோ பின்னாடியோ ட்ரம்முங்க, துருப்பிடிச்ச செயின், பிரேக்குன்னு ஒண்ணு இருக்கும் ஆனா பிடிக்காது. மிதிக்கிற வண்டின்னு பேருதான், ட்ரம் பாதி நிறைஞ்சாலே மிதிக்க முடியாது, இறங்கி தள்ளிக்கிட்டுத்தான் போவாங்க. அதுலயும் வேலை செய்யறவங்க நிறைய பேரு பொம்பளைங்க, நாப்பது அம்பது வயசுக்காரங்க, புடவைக்கு மேல அந்த யூனிஃபார்ம் கோட்டு போட்டுக்கிட்டு வண்டியை தள்ளிட்டுப் போறதை மழைக்காலத்துல பாக்கணும். ஈரக் குப்பை எடையே தனி. ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்னு, உடைச்ச பூசணிக்கா, சித்திரை வெயில்ல தர்பூசணி தோலு, இளநீர் கூடு, இதெல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஒரு சின்ன மேடு ஏறணும்னா பின்னாடி இன்னொரு ஆள் கை கொடுக்கணும்.

எங்க தெருவுக்கு வர்ற அக்கா அந்த வண்டியையும் தள்ளியிருக்காங்க, இப்ப பேட்டரி வண்டியும் ஓட்டறாங்க. ஒரு நாள் நின்னு பேசிக்கிட்டிருந்தப்போ சொன்னாங்க, "அப்பல்லாம் வீட்டுக்குப் போனா முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்கும் தம்பி, தைலம் தேச்சுக்கிட்டுத்தான் சோறே ஆக்குவேன்." பேட்டரி வண்டி கொடுக்கும்போது வண்டி ஓட்டத் தெரியுமான்னு கேட்டாங்களாம். "எனக்கு சைக்கிளே விடத் தெரியாது. நீ ஓட்டுறியா இல்ல வேற ஆளைப் போடவான்னாரு மேஸ்திரி. ஓட்டறேன் சார்னுட்டேன். முதல் நாள் செவுத்துல இடிச்சேன், அப்புறம் பழகிடுச்சு." இதைச் சொல்லும்போது அவங்க ஹேண்டிலை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நின்ன விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இப்ப வண்டியை ரிவர்ஸ் எடுத்து எங்க சந்துல திருப்பறாங்க பாருங்க, ரெண்டு பக்கமும் பைக் நிக்கும், நடுவுல ஒரு ஜாண் இடம் இருக்கும், உரசாம எடுத்துட்டுப் போயிடுவாங்க.

கார்பன், பருவநிலை, இதெல்லாம் முக்கியம்தான், நான் குறைச்சு சொல்லல. ஆனா மின்சார வண்டியைப் பத்தி யாராவது பேசினா எனக்கு முதல்ல தோணறது அந்த முட்டிதான். டீசல் லாரிக்கு பதிலா பேட்டரி வந்தா புகை குறையும். மனுஷன் தள்ளுற வண்டிக்கு பதிலா பேட்டரி வந்தா உடம்பு மிஞ்சும். சென்னையில ரெண்டாவதுதான் முதல்ல நடந்துச்சு, இந்த ஒரு விஷயத்துல நம்ம ஊரு சரியான இடத்துல ஆரம்பிச்சிருக்குன்னு நான் மனசார நம்பறேன்.

தொழில்நுட்பமா பாத்தாலும் குப்பை வண்டிக்கும் பேட்டரிக்கும் அவ்வளவு பொருத்தம். யோசிச்சுப் பாருங்க, ஒரு குப்பை வண்டி நாள் பூரா பண்றது என்ன, பத்தடி போகும் நிக்கும், பத்தடி போகும் நிக்கும். டீசல் என்ஜினுக்கு இதைவிட கொடுமை கிடையாது, நிக்கிற நேரத்துலயும் ஓடிக்கிட்டே இருக்கணும், எண்ணெய் குடிச்சுக்கிட்டே இருக்கும், புகை நேரா பின்னாடி நிக்கிற தொழிலாளி மூஞ்சியிலதான் அடிக்கும். மோட்டார் அப்படி இல்ல, வண்டி நின்னா அதுவும் நின்னுடும். தினமும் போற ரூட்டு ஒண்ணேதான், எத்தனை கிலோமீட்டர்னு முன்னாடியே தெரியும், சாயங்காலம் ஒரே இடத்துக்குத்தான் திரும்பி வரும், அதனால நடுவழியில சார்ஜ் எங்க போடறதுங்கிற பயமே இல்ல. நம்ம காரு வாங்கறதுக்கு முன்னாடி யோசிக்கிற தலைவலி எதுவும் இந்த வண்டிக்கு கிடையாது. செலவும் பாருங்க, சாதாரணமா இந்த மாதிரி மூணு சக்கர வண்டியில 12 வோல்ட் பேட்டரி நாலு, மொத்தம் 48 வோல்ட், 100 ஆம்பியர் அவர்னு வெச்சா அஞ்சு யூனிட்டுக்கு கிட்டக்க வரும், சார்ஜ் ஆகும்போது வீணாகறதையும் சேத்தா ஆறு யூனிட். யூனிட்டு எட்டு ரூபாய்னு போட்டாலும் ஒரு முழு சார்ஜுக்கு 50 ரூபாய்க்குள்ள. டீசல் லிட்டரே 90 ரூபாய்க்கு மேல விக்கிது.

இவ்வளவு நல்ல வண்டின்னா ஏன் பல ஊர்ல இது செத்துக் கிடக்கு? இதை நான் கேள்விப்பட்டு எழுதல. எங்க சொந்த ஊர் பக்கம் ஒரு நகராட்சி, பேரு வேண்டாம், அங்க என் சித்தப்பா பையன் ஒப்பந்தத்துல பேட்டரி வண்டி ஓட்டுறான். புதுசா வந்தப்போ மைதானத்துல வரிசையா நிக்க வெச்சு மாலை போட்டு போட்டோ எடுத்தாங்க. ரெண்டு வருஷம் தாண்டறதுக்குள்ள பாதி வண்டி உரக்கிடங்குக்கு உள்ளயே மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்குது. என்னடா ஆச்சுன்னு கேட்டா அவன் சீட்டைத் தூக்கி காமிச்சான். உள்ள நாலு லெட் ஆசிட் பேட்டரி, டெர்மினல் மேல பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கு, ஒண்ணு வயிறு உப்பி நிக்குது. அந்த வகை பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் பாத்து பாத்து ஊத்தணும், முழுசா காலி பண்ணக் கூடாது, தினமும் முழுசா சார்ஜ் ஏத்தணும். அங்க வண்டி இருபதுக்கு மேல, ப்ளக் பாயிண்ட்டு ஏழோ எட்டோதான், அதனால முறை வெச்சு போடுவாங்களாம், ரெண்டு மணி நேரம் ஒரு வண்டி, கழட்டி அடுத்தது. டிஸ்டில்டு வாட்டருக்குன்னு தனியா காசு ஒதுக்கல, யாரும் ஊத்தல. பழைய செல்போன்ல நூறு சதவீதம்னு காட்டிட்டு அரை மணி நேரத்துல அணைஞ்சு போகுமே, வண்டியும் அப்படித்தான் நடுத்தெருவுல நிக்க ஆரம்பிச்சுது, அப்புறம் என்ன, தள்ளிக்கிட்டு வர்றது. மிதிவண்டியையாவது தள்ளலாம், இது பேட்டரி கனத்தோட சேந்து இரும்பு. புது பேட்டரி கேட்டு ஃபைல் போட்டாங்க, ஃபைல் சுத்திக்கிட்டிருக்கு.

வண்டி வாங்கறதுக்கு திட்டத்துல காசு வரும், ரெண்டு வருஷம் கழிச்சு பேட்டரி மாத்தறதுக்கு அந்தத் திட்டத்துல ஒரு வரி கூட இருக்காது, அது ஊராட்சியோ நகராட்சியோ தன் கைக்காசுலதான் பண்ணணும், அங்க சம்பளம் போடவே காசு இருக்காது. இதை முதல் நாளே கணக்குல எழுதியிருக்கணும். லித்தியம் பேட்டரி இதைவிட நல்லா தாங்கும், தண்ணி ஊத்த வேண்டாம், சீக்கிரம் சார்ஜ் ஆகும், ஆனா வாங்கும்போது விலை கூட, அதனால டெண்டர்ல யாரு குறைச்சு கேட்டாங்களோ அவங்களுக்குன்னு போகும்போது பல இடத்துல லெட் ஆசிட்டே வந்து நிக்கும். முதல் விலையைப் பாத்து வாங்காம எட்டு வருஷத்துக்கு ஆகப்போற மொத்தச் செலவைப் பாத்து வாங்கணும், அவ்வளவுதான்.

சென்னையில கொஞ்சம் வேற மாதிரி. இங்க குப்பை வேலை தனியாருக்குப் போறது 2000-லயே ஆரம்பிச்சிருச்சு, நாப்பது வயசு தாண்டினவங்களுக்கு "ஓனிக்ஸ் வண்டி" ஞாபகம் இருக்கும், அப்புறம் நீல் மெட்டல், அதுக்கப்புறம் ராம்கி, 2020-ல ஏழு மண்டலம் உர்பேசர் சுமீத் கைக்குப் போச்சு. பேட்டரி வண்டிங்க இவ்வளவு எண்ணிக்கையில தெருவுக்கு வந்தது அந்த சமயத்துலதான். தனியார் பாக்கற மண்டலத்துல வண்டியும் கம்பெனியோடது, அதை ஓட விடற பொறுப்பும் கம்பெனியோடது. அதனால வண்டி சும்மா நின்னா அவங்களுக்குத்தான் நஷ்டம், ரிப்பேர் சீக்கிரம் நடக்குது, இது நல்ல பக்கம். இன்னொரு பக்கம், ஒப்பந்தம் முடிஞ்சா வண்டியும் போயிடும், அதை ரிப்பேர் பாக்கக் கத்துக்கிட்ட ஆளும் போயிடுவான், மாநகராட்சிக்குன்னு கையில ஒண்ணும் தங்காது. 1688-ல ஆரம்பிச்ச மாநகராட்சி, 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு, தினமும் 5,000 டன்னுக்கு மேல குப்பை, இவ்வளவு பெரிய வேலைக்கு ஒரு பேட்டரியைத் திறந்து பாக்கத் தெரிஞ்ச நம்ம சொந்த ஒர்க்‌ஷாப் ஆளு இருக்கணுமா வேணாமா? இருந்தே ஆகணும்னு நான் சொல்றேன். ஐடிஐ படிச்ச பசங்க இந்த ஊர்ல எத்தனை பேரு வேலை இல்லாம டெலிவரி பையை மாட்டிக்கிட்டு சுத்தறாங்க.

சின்ன வண்டி தெருவுல சேக்கறதை பெரிய வண்டி வந்து வாங்கிக்கிட்டு கொடுங்கையூர் குப்பைக்கிடங்குக்கோ பெருங்குடி குப்பைக்கிடங்குக்கோ போகும். காம்பாக்டர்னு சொல்ற, குப்பையை அமுக்கி ஏத்தற அந்த பெரிய வண்டி இன்னும் பெரும்பாலும் டீசல்தான். காரணம் இருக்கு. குப்பையை அமுக்கறதுக்கே பெரிய சக்தி வேணும், டன் கணக்குல எடை, தூரமும் ஜாஸ்தி, சில வண்டி ஒரே நாள்ல ரெண்டு ஷிஃப்ட் ஓடும், சார்ஜ் போட இடைவெளியே கிடையாது. நியூயார்க்ல மின்சார குப்பை லாரியை வெச்சு பனி தள்ளிப் பாத்தாங்க, அங்க குப்பை லாரிதான் பனிக்காலத்துல பனி அள்ளற வண்டியும், நாலு மணி நேரத்துல சார்ஜ் தீந்துருச்சுன்னு அந்த ஊர் துப்புரவுத் துறை அதிகாரியே சொன்னாங்க, அவங்களுக்கு 12 மணி நேரம் வேணும். நமக்கு பனி கிடையாது, அந்த விதத்துல நமக்கு சுலபம். பகல் ஷிஃப்ட் மட்டும் ஓடற காம்பாக்டர்ல ஆரம்பிக்கலாம், அதிகாரிங்க போற ஜீப்பு காரு எல்லாத்தையும் அதுக்கு முன்னாடியே மாத்தலாம், அதுக்கு எந்தத் தடையும் எனக்குத் தெரியல, நகருக்குள்ளயே சுத்தற வண்டிங்கதானே அது.

சரி, பஸ்ஸுக்கு வருவோம், அதை விட மனசு வரல. 2019 ஆகஸ்டுல சென்ட்ரல் திருவான்மியூர் ரூட்டுல ஒரே ஒரு மின்சார பஸ்ஸை சோதனைக்கு விட்டாங்க, அது அப்படியே காணாமப் போச்சு. ஆறு வருஷம் கழிச்சுத்தான் இது. முதல் கட்டம் மொத்தம் 625 பஸ்ஸு, உலக வங்கி உதவியோட வர்ற திட்டம். பஸ்ஸு அசோக் லேலண்டோட ஸ்விட்ச் கம்பெனி செய்யறது, டிரைவர் பராமரிப்பு எல்லாம் தனியார், கண்டக்டர் மட்டும் எம்டிசி, அதாவது மாநகர் போக்குவரத்துக் கழகம். கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு எம்டிசி அவங்களுக்குக் கொடுக்கும், டிக்கெட் காசு எம்டிசிக்கு. ஜூன்ல வியாசர்பாடி 120, ஆகஸ்டுல பெரும்பாக்கம் டெப்போ 135, அதுல ஏசியும் சேத்தி.

இந்த பஸ்ஸுல எனக்குப் பிடிச்சது சத்தம் இல்லாதது கூட இல்ல, தரைதான். படியே கிடையாது, நேரா உள்ள கால் வைக்கலாம், வீல்சேர் ஏத்தறதுக்கு பலகை விரியுது. தாழ்தள பஸ்ஸு வேணும்னு மாற்றுத்திறனாளிங்க உரிமைக்காக வேலை செய்யறவங்க கோர்ட்டுக்குப் போய் எத்தனை வருஷம் போராடினாங்க, நம்ம ரோடுக்கு இது ஒத்துவராதுன்னு எத்தனை தடவை பதில் வந்துச்சு. அவங்க விடாம பிடிச்சதாலதான் இன்னைக்கு முட்டிவலி இருக்கிற எங்க அம்மா யாரு கையையும் பிடிக்காம ஏறி உக்காருறாங்க. பேட்டரியால வந்த நன்மை இல்ல அது, கேட்டு வாங்கினது.

எனக்கு உண்மையான கவலை தண்ணி. வியாசர்பாடின்னு சொன்னா சென்னைக்காரன் யாருக்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை ஞாபகம் வரும், ஒரு மழைக்கே நிரம்பிடும். பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு ஒட்டினாப்ல இருக்கு, 2015-லயும் சரி 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சரி அங்க இருந்த ஜனங்க பட்ட பாடு ஊருக்கே தெரியும். மின்சார பஸ்ஸோட முதல் ரெண்டு டெப்போவும் இந்த ரெண்டு இடத்துல. பஸ்ஸோட பேட்டரி மூடி சீல் பண்ணித்தான் வரும், அதைப் பத்தி நான் அவ்வளவா பயப்படல, ஆனா சார்ஜர், ட்ரான்ஸ்ஃபார்மர், தரைக்கு அடியில போற கேபிளு, இதெல்லாம் எவ்வளவு உயரத்துல இருக்கு, டெப்போவைச் சுத்தி கால்வாய் தூர் வாரியாச்சா, புயல் எச்சரிக்கை வந்தா பஸ்ஸை எங்க கொண்டுபோய் நிறுத்துவாங்க, அங்க சார்ஜ் போட வழி உண்டா? டீசல் பஸ்ஸுன்னா கேன்ல எண்ணெய் கொண்டுவந்து ஊத்தி கிளப்பிடலாம். மழைக்காலத்துலதான் ஜனங்களுக்கு பஸ்ஸு ரொம்ப தேவைப்படுது, அந்த நேரத்துல ஓடலன்னா என்ன பிரயோஜனம்.

அப்புறம் கரண்ட்டு. ஒரு பெரிய பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு தோராயமா ஒரு யூனிட், ஏசி போட்டா இன்னும் கூட. ஒரு தடவை சார்ஜ் போட்டா 200 கிலோமீட்டர் ஓடுதுன்னா 200 யூனிட். 200 யூனிட்டுல ஒரு சின்ன குடும்பம் ரெண்டு மாசம் தள்ளிடும், அதை ஒரு பஸ்ஸு ஒரே நாள்ல எடுக்குது. எடுக்கட்டும், தப்பே இல்ல, நூத்துக்கணக்கான பேரை ஏத்திக்கிட்டுப் போகுது. கேள்வி அந்த 200 யூனிட் எங்கிருந்து வருதுங்கிறதுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல எல்லா பஸ்ஸும் சார்ஜ்ல நிக்கும்போது சோலார் இருக்காது. ஆடி மாசம்னா கன்னியாகுமரி பக்கம் முப்பந்தல் காத்தாலைங்க கை கொடுக்கும், மத்த மாசத்துல பெரும்பாலும் நிலக்கரிதான், அதுல ஒரு பெரிய பங்கு எண்ணூர், வல்லூர், அத்திப்பட்டு பக்கம் இருக்கிற அனல் மின் நிலையங்கள்ல எரியுது. அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆத்துல கலந்து மீன் பிடிக்கிறவங்க பொழப்பு போனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. மவுண்ட் ரோட்டுல புகை குறையறதுக்கு எண்ணூர்க்காரன் இன்னும் கொஞ்சம் சேத்து மூச்சு விடணும்னா அது நியாயமே இல்ல. அதுக்காக பஸ்ஸு வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லவே மாட்டேன், டீசல் பஸ்ஸோட புகையும் ஏழை ஜனம் நிக்கிற பஸ் ஸ்டாண்ட்லதான் அடிக்குது. மத்தியானம் கூட்டம் கம்மியா இருக்கிற நேரத்துல பாதி சார்ஜ் போட்டுக்கற மாதிரி ஷெட்யூல் மாத்தணும், டெப்போ கூரை, மாநகராட்சி ஸ்கூல் மொட்டை மாடி எல்லாத்துலயும் சோலார் போடணும், எண்ணூர் பக்கம் பழைய அனல் மின் யூனிட்டுகளை ஒவ்வொண்ணா நிறுத்தணும், இது மூணும் ஒரே வேலையோட பாகம்.

இன்னொண்ணு சொல்லாம முடிக்க முடியாது. 2025 ஆகஸ்டுல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சி தலைமை ஆபீஸான ரிப்பன் மாளிகை வாசல்ல ராத்திரி பகல்னு உக்காந்தாங்க. அவங்க மண்டலத்து வேலையை தனியாருக்குக் கொடுக்காதீங்க, எங்களை நிரந்தரம் பண்ணுங்கன்னு கேட்டாங்க, மாசம் 23,000 ரூபாய் கிட்ட வாங்கிக்கிட்டிருந்த சம்பளம் பல ஆயிரம் குறைஞ்சுடும்னு சொன்னாங்க. பத்து நாளுக்கு மேல உக்காந்தவங்களை 13-ம் தேதி நள்ளிரவு போலீஸ் வந்து குண்டுக்கட்டா தூக்கிக்கிட்டுப் போச்சு. அந்தக் கூட்டத்துல நின்னவங்க முக்கால்வாசி பொம்பளைங்க, கொரோனாவுலயும் வெள்ளத்துலயும் இந்த ஊரைத் தூக்கி நிறுத்துனவங்க. நவீன வண்டி வருது, மேம்பாடு வருதுன்னு சொல்லும்போது, அந்த வண்டி ஹேண்டிலைப் பிடிக்கிறவங்க சம்பளம் கீழ போனா அந்த மேம்பாடு யாருக்கு? பேட்டரி வண்டி ஓட்டறது மிதிவண்டி தள்ளறதைவிட திறமை வேணுங்கிற வேலை, ரோட்டுல ஒரு வண்டிக்குப் பொறுப்பு. அப்ப சம்பளம் ஏறித்தானே ஆகணும். அக்காகிட்ட கேட்டேன், வண்டி ஓட்டறதுக்குன்னு தனியா ஏதாவது உண்டான்னு. "அதெல்லாம் எங்க தம்பி, நிரந்தரம்னு ஒரு பேப்பர் கொடுத்தா போதும், நான் லாரியே ஓட்டுவேன்"னாங்க.

எங்க வார்டுல அடுத்த பகுதி சபா கூட்டத்துக்கு, அதான் வார்டு ஜனங்க கூடி கவுன்சிலர்கிட்ட பேசற கூட்டம், அதுக்குப் போறேன், தெருக்காரங்க சில பேரும் வர்றதா சொல்லியிருக்காங்க. கவுன்சிலர்கிட்ட நாலே விஷயம் கேக்கறதா இருக்கோம்: இந்த வார்டு பேட்டரி வண்டிக்கு ஒரு வண்டிக்கு ஒரு ப்ளக் பாயிண்ட் உண்டா, அதுக்கு மேல கூரை உண்டா, பேட்டரி மாத்தறதுக்கு யாரு கணக்குல எவ்வளவு காசு ஒதுக்கியிருக்கு, வண்டி ஓட்டறவங்களுக்கு டிரைவர்னு சம்பளமா இல்ல பழைய கூலியா. பதில் என்ன வந்தாலும் இங்க எழுதறேன். உங்க வார்டுலயும் கேட்டுப் பாருங்க, கூட்டத் தேதி வார்டு ஆபீஸ்லயே சொல்லுவாங்க.